டோசே பாரெஸா, பாலிந்தாவாக்கா, மாடர்ன் அர்னிஸா, பெகிடி டிர்சியாவா?

பிலிப்பைன்ஸ் நாட்டுக் கம்பு, கத்திச் சண்டைக் கலையைக் கற்க ஆசைப்படுகிறவர்கள் கடைசியில் வந்து முட்டிக்கொள்ளும் இடம் தலைப்பில் உள்ள இந்த நான்கு பாணிகள்தான். சிலர் யூடியூபில் இரட்டைக் கம்பு சுழல்வதைப் பார்த்து மயங்கியவர்கள். சிலர் கராத்தேயோ சிலம்பமோ சில வருடம் ஆடிவிட்டு, அடுத்து என்ன என்று தேடுகிறவர்கள். இரு தரப்பும் கேட்பது ஒன்றே: "இதில் எது சார் பெஸ்ட்?"

அதற்குப் பதில் சொல்லப் போனால் சண்டைதான் வரும். பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் டோசே பாரெஸ் ஆட்களும் பாலிந்தாவாக் ஆட்களும் இதே கேள்விக்காகப் பல வருடங்கள் மோதிக்கொண்டார்கள். இன்றுவரை தீர்ந்தபாடில்லை. அதனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வோம். உங்கள் வயது, உங்கள் பர்ஸ், உங்களோடு வாராவாரம் வந்து நிற்கக்கூடிய ஒரு ஆள், இவற்றுக்கு எது ஒத்துவரும்?

பெயர்க் குழப்பத்தை முதலிலேயே முடித்துவிடலாம். அர்னிஸ், எஸ்கிரிமா, காலி மூன்றும் ஏறக்குறைய ஒரே குடும்பம். லூசோன் தீவுப் பக்கமும் அரசாங்கக் காகிதத்திலும் அர்னிஸ். செபு பக்கம் எஸ்கிரிமா. அமெரிக்கா, ஐரோப்பாவில் காலி என்ற பெயருக்கு மவுசு அதிகம். 2009 டிசம்பரில் வந்த குடியரசுச் சட்டம் 9850 அர்னிஸைத் தேசியத் தற்காப்புக் கலை, தேசிய விளையாட்டு என்று அறிவித்தது. பள்ளி மாணவர்களுக்கான பலாரோங் பம்பன்சா தேசியப் போட்டிகளின் முதல் நாளில் முதல் ஆட்டம் அர்னிஸாக இருக்கவேண்டும் என்றுகூட அதில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

எல்லாப் பாணிக்கும் பொதுவானவை சில உண்டு. முதல் நாளே கையில் ஆயுதம் வந்துவிடும், வெறுங்கைப் பாடம் அப்புறம்தான். அடிகளுக்குப் பெயரைவிட எண்தான் முக்கியம்: இடது நெற்றிப்பொட்டுக்கு வருவது ஒன்று, வலதுக்கு வருவது இரண்டு என்பது போல. பெரும்பாலான இடங்களில் 12 அடிகள். கம்பு சுமார் 28 அங்குல நீளமுள்ள பிரம்பு, கட்டை விரல் பருமன் அல்லது கொஞ்சம் கூட. அடிக்காத கைக்கும் வேலை உண்டு. அது சும்மா தொங்கினால் முதல் வாரத்திலேயே திட்டு விழும்.

எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, ஜோடி. இந்தக் கலையில் பாதிக்கு மேல் எதிரே ஒருவர் இருந்தால்தான் நடக்கும். கராத்தேயில் காட்டா என்னும் அசைவு வரிசையை மொட்டைமாடியில் தனியாகச் செய்து மெருகேற்றலாம். இங்கே தனியாகச் செய்ய அடிகளும் காலடியும் உண்டு, ஆனால் ஓரளவுக்கு மேல் அது போகாது. நண்பரோ தம்பியோ சேர்ந்து வருவார்களா என்பதை மாஸ்டரைத் தேடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பாதியில் நின்றுபோனவர்களைக் கேட்டால் பலரும் சொல்லும் காரணம் இதுதான்.

இரண்டாவது, கையில் இருப்பதை நீங்கள் கம்பாக நினைக்கிறீர்களா, கத்தியாக நினைக்கிறீர்களா. "இரண்டுக்கும் அசைவு ஒன்றுதான்" என்று எல்லா மாஸ்டரும் சொல்வார்கள். பாதி உண்மை. கம்பு பட்டுத் தெறித்துத் திரும்பும்; கத்தி அறுத்துக்கொண்டு கடந்துபோகும். எதிராளியின் கம்பை இடது கையால் பிடித்து முறுக்கிப் பிடுங்கலாம். அதுவே போலோ என்னும் பிலிப்பைன்ஸ் வெட்டுக்கத்தி என்றால் பிடிக்கப்போன விரல் மிஞ்சாது. ஒரு பாணி இதில் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அதன் காலடியிலிருந்து பிடி வரை எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

மூன்றாவது, சொல்லாமல் வரும் அடி. எதிரே நிற்பவர் "இப்போது ஒன்றாம் நம்பர்" என்று சொல்லி அடிப்பது ஒன்று. எது வரும் என்றே தெரியாமல் வருவது வேறு. வகுப்பின் கடைசி இருபது நிமிடத்தில் இரண்டாவது வகை எந்த அளவுக்கு நடக்கிறது? என்னைக் கேட்டால் பாணியின் பெயரை விட இதுதான் முக்கியம். இது இல்லாத வகுப்பில் பல வருடம் இருந்தவரைவிட, இது இருக்கும் வகுப்பில் ஆறு மாதம் இருந்தவர் நன்றாக ஆடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் உடம்பு. விரல் முட்டி, முழங்கையின் வெளிப்பக்கம், கண் மூன்றும் இந்தக் கலைக்கு வரி கட்டும் உறுப்புகள். கடைசியாகப் பணம். சேரும்போது சொல்லும் மாதக் கட்டணம் அதில் சின்னப் பகுதிதான்.

டோசே பாரெஸ்: போட்டிக்கு நிற்க ஆசை இருந்தால்

1932 ஜனவரியில் செபுவில் தொடங்கிய சங்கம். சாவேத்ரா, கன்யேட்டே குடும்பங்கள் இதன் தூண்கள். கன்யேட்டே சகோதரர்களில் இளையவரான சிரியாகோ கன்யேட்டே, காகோய் என்று சொன்னால்தான் ஊருக்குத் தெரியும், 2016-ல் 96 வயதில் காலமானார். ஜூடோ, ஐகிடோ பிடிகளை எஸ்கிரிமாவோடு சேர்த்து எஸ்கிரிடோ என்று ஒன்றை உருவாக்கியவர் அவர். கம்பையே நெம்புகோலாக வைத்து மணிக்கட்டை முறுக்கிக் கீழே தள்ளும் வித்தை அது. அதே குடும்பத்தின் டியோனிசியோ கன்யேட்டே வேகாஃப் என்னும் உலக எஸ்கிரிமா கூட்டமைப்பின் பின்னால் இருந்தவர். அதன் முதல் உலகப் போட்டி 1989-ல் செபுவில் நடந்தது.

இந்தப் பாணியின் பலம் அதன் பரப்பு. தூர அடி, நடுத்தர தூரம், நெருக்கம், ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு, கம்பும் குத்துவாளும் சேர்ந்தது, எல்லாம் பாடத்தில் உண்டு. ஒன்று பிடிக்காவிட்டால் இன்னொன்று பிடிக்கும். ஆள் நிறைய, உலகத்தின் பல ஊர்களில் கிளை உண்டு. வேலை மாறி வேறு ஊருக்குப் போனாலும் தொடரலாம்.

வேகாஃப் முறைப் போட்டி எப்படி என்றால், கம்பி வலை போட்ட தலைக்கவசமும் தடித்த மெத்தைச் சட்டையும் அணிந்து, நிஜப் பிரம்பால் ஒரு நிமிடச் சுற்றுகளாக அடித்துக்கொள்வது. மூச்சு முட்டிவிடும். பயம் தெளியும். எதிராளி நிஜமாக அடிக்க வந்தால் நாம் கற்ற அழகான தடுப்புகள் எங்கே ஓடி ஒளிகின்றன என்பதும் தெரிந்துவிடும். அதற்காகவே ஒரு தடவையாவது இதில் இறங்கலாம்.

ஆனால் கவசம் இருப்பதால் யாரும் தடுப்பதில்லை. இரண்டு பேரும் நெருங்கி நின்று, யார் எண்ணிக்கையில் அதிகம் அடிப்பது என்று மழையாகப் பொழிவார்கள். குத்துவதற்கும் உதைப்பதற்கும் விதியில் இடமில்லை. கத்தியை மனதில் வைத்துப் பார்த்தால் இருவருமே முதல் பத்து விநாடியில் செத்தவர்கள். போட்டிக்கென்றே பயிற்சி தரும் கிளையில் சேர்ந்தால் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்; பிறகு போக்குவது சிரமம்.

மறைவான செலவு கவசத்தில் இருக்கிறது. தலைக்கவசம், சட்டை, கையுறை, முழங்கை, முழங்கால் காப்பு எல்லாம் சேர்ந்தால் பிரம்பின் விலையைப் போலப் பல மடங்கு. கூடவே போட்டிக்கான பயணச் செலவும் வரும். இன்னொன்றும் உண்டு. டோசே பாரெஸ் என்ற பெயரில் இன்று ஒன்றுக்கு மேற்பட்ட தலைமைகள் இருக்கின்றன. ஒரு கிளையில் வாங்கிய தகுதியை இன்னொரு கிளை ஏற்கும் என்று நம்பிக் கிரேடிங் கட்டணம் கட்டவேண்டாம், கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

பாலிந்தாவாக்: நல்ல மாஸ்டர் ஒருவர் பக்கத்திலேயே இருந்தால்

ஆன்சியோங் என்று அழைக்கப்பட்ட வெனான்சியோ பாகோன் டோசே பாரெஸிலிருந்து பிரிந்து 1952-ல் தொடங்கியது. செபுவின் பாலிந்தாவாக் தெருவில், கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடை ஒன்றின் பின்பக்கம்தான் முதல் பயிற்சிக்கூடம். தெருவின் பெயரே கலைக்கும் ஒட்டிக்கொண்டது. இரட்டைக் கம்பு, அலங்காரச் சுழற்றல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, ஒரே கம்பு, கை எட்டும் தூரம், இரண்டையும் மட்டும் வைத்துக்கொண்டார் பாகோன்.

நான்கில் எனக்கு அதிகம் பிடித்தது இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பயிற்சியின் உயிர் அகாக் என்பார்கள். மாஸ்டர் வழிநடத்த, மாணவர் பதில் சொல்லும் ஆட்டம். மாஸ்டர் ஒன்றாம் அடி தருவார். நீங்கள் உங்கள் கம்பை நிமிர்த்தித் தடுப்பீர்கள். அதே நொடியில் உங்கள் இடது உள்ளங்கை அவருடைய கம்பைத் தொட்டு நிறுத்தும். உடனே திருப்பி அடிப்பீர்கள். அவர் அதைத் தடுத்து, உங்கள் கம்பை இடது கையால் தூக்கி ஓரம் தள்ளிவிட்டு அடுத்த அடி தருவார். முதல் வாரத்தில் இது மெதுவாகப் பேசிக்கொண்டே நடக்கும். சில மாதத்தில் எண்ணும் கிடையாது, வரிசையும் கிடையாது. கம்பு போகும் திசையைப் பார்க்கும் நேரம்கூட இருக்காது. அவர் கை உங்கள் மணிக்கட்டில் பட்ட அழுத்தத்தை வைத்தே அடுத்து என்ன என்று உடம்பு முடிவு செய்யவேண்டும். நீங்கள் சுதாரித்துவிட்டதாக நினைக்கும்போது அவர் கம்பின் அடிக்கட்டையால் உங்கள் மணிக்கட்டைக் கொக்கி போட்டுக் கீழே இழுப்பார், அல்லது முழங்கையை லேசாகத் தள்ளிவிட்டு, காலியான விலாவில் கம்பை வைத்துக் காட்டுவார். அடிக்கமாட்டார். வைத்துக் காட்டுவதோடு சரி. அதுவே போதும், இரவெல்லாம் யோசிக்க வைக்கும்.

பிரம்பும் பிரம்பும் இந்த வேகத்தில் மோதும்போது லேசாகக் கருகிய வாசனை வரும். புதிதாக வருபவர்கள் எங்கோ ஒயர் எரிகிறது என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

மேலே சொன்ன மூன்றாவது அளவுகோலில், சொல்லாமல் வரும் அடியில், மற்ற மூன்றையும் இது முந்துகிறது. கவசம் அதிகம் வேண்டாம், ஏனென்றால் ஆட்டத்தை மாஸ்டர் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறார். சிறிய இடம் போதும். இரண்டு பேர் நிற்கும் வராந்தாவில்கூட நடக்கும். ஒரு கம்பு வாங்கினால் முடிந்தது.

குறையும் அதே இடத்திலிருந்து பிறக்கிறது. மாஸ்டர் இல்லாமல் இந்தக் கலை இல்லை. இரண்டு புது மாணவர்கள் சேர்ந்து அகாக் ஆடினால் அது கம்பு தட்டும் விளையாட்டாகத்தான் முடியும். வகுப்பில் பத்துப் பேர் இருந்தால் மாஸ்டரின் கை உங்கள் மேல் படும் நேரம் சில நிமிடங்களே. ஆகவே பலர் தனி வகுப்புக்குப் போகிறார்கள். செலவு அங்கே ஏறும். பாகோனின் மாணவர்களான ஹோசே வில்யாசின், தியோஃபிலோ வெலெஸ் இருவரும் பாடங்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து ஒழுங்குபடுத்தினார்கள். பாபி டபோவாடா போன்றவர்கள் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அப்படியிருந்தும் ஆசிரியர்கள் குறைவே. உங்கள் ஊரில் இல்லாவிட்டால் வீடியோ பார்த்துக் கற்கலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். தூரத்திலிருந்து அடிக்க வருபவனை நெருங்குவது எப்படி என்பதிலும் இந்தப் பாணி பேசுவது கொஞ்சம்தான்.

மாடர்ன் அர்னிஸ்: வயது, வேலை, ஏற்கெனவே வேறு கலை

ரெமி பிரெசாஸ் நீக்ரோஸ் தீவின் ஹினிகாரான் ஊர்க்காரர். 1936-ல் பிறந்தார், 2001-ல் கனடாவில் மறைந்தார். பழைய மாஸ்டர்கள் எதிராளியின் விரலை நேரே அடித்துத்தான் பயிற்சி தருவார்கள். வீக்கத்தோடு வீட்டுக்குப் போகும் இளைஞன் அடுத்த வாரம் வரமாட்டான். பிரெசாஸ் அந்த அடியைக் கம்பின் மேல் திருப்பினார். பள்ளி, கல்லூரி உடற்கல்வி வகுப்புகளுக்குள் அர்னிஸ் நுழைய இந்தச் சின்ன மாற்றம் வழிவிட்டது. 1970-களின் நடுவில் அமெரிக்கா போய், கராத்தே, ஜூடோ ஆட்களிடம் "உங்கள் கலைக்குள்ளேயே இது இருக்கிறது, கம்பைக் கையில் எடுத்துப் பாருங்கள்" என்ற தோரணையில் பரப்பினார்.

கற்கச் சுலபமானது இதுதான். பெல்ட் உண்டு, பாடத்திட்டம் உண்டு. சினவாலி என்னும் இரட்டைக் கம்புப் பின்னல் ஒரே மாலையில் ஓரளவு பிடிபட்டுவிடும், அதன் சந்தோஷமே தனி. நாற்பது கடந்தவர்கள், விரலை நம்பிப் பிழைக்கும் வீணைக் கலைஞர்கள், டைப் அடிப்பவர்கள், அறுவைசிகிச்சை மருத்துவர்கள் இங்கே தயக்கமின்றிச் சேரலாம். தனியாகச் செய்ய அன்யோ என்னும் வடிவப் பயிற்சிகளும் உண்டு. ஜோடி கிடைக்காத வாரங்களில் கைகொடுக்கும்.

அடிக்குப் பதில் அடி என்று இருவரும் மாறி மாறி ஆடும் உச்சப் பாடமான தாப்பி-தாப்பியில் பாலிந்தாவாக்கின் வாடை பலமாக வீசும். பிரெசாஸ் செபுவில் அதைக் கற்றவர். ஆனால் பல வகுப்புகள் அந்த உயரம் வரை போவதே இல்லை. சினவாலியின் தாளத்திலேயே வருடங்கள் ஓடிவிடும். கம்பைக் குறிவைத்தே அடித்துப் பழகிய கை, ஆளை அடிக்கும் தூரத்துக்கு வராமலே நின்றுவிடும். கண்ணுக்கு அழகு, ஆனால் எதிரே நிற்பவர் ஒத்துழைக்க மறுத்தால் கதை கந்தல். பிரெசாஸ் மறைவுக்குப் பிறகு அமைப்பும் பல தலைமைகளாகப் பிரிந்தது. பெல்ட் நிறம் ஒன்றாக இருந்தாலும் அதன் எடை ஒன்றல்ல. இங்கே செலவு பெல்ட் பரிட்சைகளிலும் சீருடையிலும் கசியும்.

பெகிடி டிர்சியா: கத்திதான் உங்கள் அக்கறை என்றால்

நீக்ரோஸ் தீவின் டோர்டால் குடும்பச் சொத்தாக இருந்தது. கொன்ராடோ டோர்டாலின் பேரன் லியோ காஹே 1970-களில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ப் பொதுவில் கற்பித்தார். பிலிப்பைன்ஸ் மரைன் படையின் ஃபோர்ஸ் ரீகான் என்னும் சிறப்பு உளவுப் பிரிவு இதைப் பயிற்சியாக எடுத்துக்கொண்டது. அந்த ஒரு வரியே விளம்பரமாகி உலகமெங்கும் ஆள் சேர்க்கிறது.

முக்கோணக் காலடி, நேர்கோட்டில் பின்வாங்காமை, வெட்டிக்கொண்டே கடந்துபோவது என்று எல்லாமே கத்தியை மனதில் வைத்துக் கட்டியது. 64 தாக்குதல்கள் என்று தொடங்கும் பாடத்திட்டம் நீளமானது, ஒழுங்கானது. சிலம்பத்தில் காலடி நன்றாகப் பழகியவர்கள் நான்கு பாணிகளில் இதில்தான் சீக்கிரம் காலூன்றுவார்கள் என்று நினைக்கிறேன். மாறாக, சிலம்பத்தில் அதிகம் வேலை இல்லாத நெருக்க தூரத்தையும் தனித்து இயங்கும் இடது கையையும் கற்கவேண்டுமானால் அவர்களுக்குப் பாலிந்தாவாக்தான் சரி.

ஒரு நல்ல வகுப்பை அடையாளம் காண வழி உண்டு. பயிற்சிக் கத்தியின் விளிம்பில் லிப்ஸ்டிக்கோ சாக்பீஸ் பொடியோ தடவி, வெள்ளை பனியன் போட்டு இருவரை விளையாட விடுவார்கள். ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் ஜெயித்தவரின் பனியனிலும், உள்ளங்கை, முன்கை, கழுத்தோரம் என்று உடம்பிலும் கோடுகள். இந்த ஆட்டத்தை ஆடவிடும் மாஸ்டர் நேர்மையானவர். கத்தியை வெறுங்கையால் பிடுங்கும் வித்தையை மட்டும் அடுக்கடுக்காகக் காட்டி, அதை ஒருபோதும் இப்படிச் சோதிக்காதவர் உங்களுக்குத் தருவது தைரியம் மட்டும்தான், அதுவும் ஆபத்தான தைரியம்.

தற்காப்புக்காக இதைத் தேடுகிறவர்களிடம் ஒன்று சொல்லவேண்டும். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்தபடி நடமாட முடியாது. பிலிப்பைன்ஸிலேயே 1978-ன் பத்தாஸ் பம்பன்சா 6 சட்டப்படி தொழிலுக்கு அவசியமில்லாமல் கத்தியோடு வெளியே போவது குற்றம். இந்தியாவில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுத விதிகளின் பட்டியலுக்குள் வருகின்றன, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆனவை நீங்கலாக. பழகிய ஆயுதம் ஆபத்து நேரத்தில் கையில் இருக்கப்போவதில்லை. குடையோ மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டோதான் இருக்கும்.

செலவு செமினார்களில். பெரிய மாஸ்டர்கள் வருடத்துக்கு ஒருமுறை வருவார்கள், இரண்டு நாளில் ஆறு மாதப் பாடத்தைக் கொட்டுவார்கள், சான்றிதழோடு போய்விடுவார்கள். அதை மென்று விழுங்க உள்ளூரில் ஒரு குழு இல்லாவிட்டால் போட்ட பணம் வீண். அலுமினியப் பயிற்சிக் கத்தி, பயிற்சிப் போலோ என்று சாமான் ஆசையும் இந்தப் பாணியில் அதிகம் தொற்றும்.

ஒரே பார்வையில்

| | டோசே பாரெஸ் | பாலிந்தாவாக் | மாடர்ன் அர்னிஸ் | பெகிடி டிர்சியா |
|---|---|---|---|---|
| சாய்வு | கம்பு, எல்லாம் கொஞ்சம் | ஒற்றைக் கம்பு | கம்பு, பிடிகள் | கத்தி |
| தூரம் | மூன்றும் | நெருக்கம் | நடுத்தரம், நெருக்கம் | தூரத்திலிருந்து நெருங்குதல் |
| ஜோடி இல்லாவிட்டால் | சமாளிக்கலாம் | முடியாது | சமாளிக்கலாம் | காலடி மட்டும் |
| சொல்லாமல் வரும் அடி | போட்டியில் | எப்போதும் | வகுப்பைப் பொறுத்தது | வகுப்பைப் பொறுத்தது |
| காயம் | போட்டிக்குப் போனால் அதிகம் | நடுத்தரம் | குறைவு | நடுத்தரம் |
| பணம் போகும் வழி | கவசம், பயணம் | தனி வகுப்பு | பெல்ட், சீருடை | செமினார், சாமான் |

எதில் சேர்ந்தாலும் கட்டவேண்டிய வரி

கண்ணாடி. மெதுவான பயிற்சியில்கூட பிரம்பின் நார் பிய்ந்து பறக்கும், கம்பு கை நழுவும். தொழிற்சாலைகளில் போடும் சாதாரண பிளாஸ்டிக் கண்காப்பு போதும், ஆனால் வகுப்பில் யாரும் போடவில்லையே என்று கூச்சப்பட்டுக் கழற்றிவைக்காதீர்கள். விரலுக்கு, ஆரம்பத்தில், வீட்டில் கிடக்கும் கிரிக்கெட் பேட்டிங் கையுறையே ஓரளவு தாங்கும்.

முழங்கை. புதியவர்கள் கம்பை இறுக்கிப் பிடித்து, கை பலத்தால் மட்டும் அடிப்பார்கள். சில மாதத்தில் காபி டம்ளரைத் தூக்கும்போதே முழங்கையின் வெளிப்பக்கம் சுரீர் என்னும். டென்னிஸ் ஆட்டக்காரர்களுக்கு வரும் அதே வலி. இடுப்பிலிருந்து அடி வரவேண்டும் என்று மாஸ்டர் நச்சரிப்பது இதற்காகவும்தான். எடை கூடிய காமகோங் மரக் கம்பை அழகுக்காக வாங்கி முதல் மாதமே சுழற்றத் தொடங்கினால் இந்த வலி இன்னும் சீக்கிரம் வரும்.

கம்பு. பிரம்பு நுகர்பொருள், அடிபட்டு நார் நாராகும், டேப் சுற்றிக் கொஞ்ச நாள் ஓட்டலாம், அப்புறம் மாற்றவேண்டியதுதான். ஆனால் உடையும்போது மூங்கிலைப்போல் கூர்ச் சிம்பாகச் சிதறாது, அதனால்தான் இந்தப் பயிற்சிக்கு அதைப் பிடித்துக்கொண்டார்கள். செபு பிரம்பு நாற்காலிக்கும் பேர்போன ஊர், ஆகவே அங்கே கம்புக்குப் பஞ்சமில்லை. நம் ஊரிலும் பிரம்புச் சாமான் செய்யும் கடைகளில் கணு நெருக்கமாக, தோல் உரிக்காத துண்டாகக் கேட்டு வெட்டி வாங்கலாம். இணையத்தில் சிவப்பு வண்ணம் பூசி விற்கும் கம்பைவிடச் சல்லிசு, உழைப்பும் கூட.

பயணம். "நேரே செபுவுக்கே போய்க் கற்றுவந்தால் என்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. 2025 ஜூனிலிருந்து இந்தியர்கள் சுற்றுலாவாக 14 நாள் விசா இல்லாமல் போகலாம் என்பதால் ஆசை கூடியிருக்கிறது. ஒன்றுமே தெரியாமல் போனால் இரண்டு வாரத்தில் அடி எண்களைக் கற்றுக்கொண்டு திரும்புவீர்கள். அதை இங்கேயே கற்கலாம். ஒரு வருடமாவது ஆடிவிட்டுப் போனால், அதுவும் பாலிந்தாவாக்குக்காகப் போனால், ஒரு மாஸ்டரோடு தினமும் தனியாக நிற்கும் அந்த இரண்டு வாரம் காசுக்குத் தகும்.

யார் எங்கே போகலாம்

இருபதுகளில் இருக்கிறீர்கள், வியர்வையும் மேடையும் வேண்டும் என்றால் டோசே பாரெஸ். அர்னிஸ் 2005, 2019, 2023 தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இடம்பெற்றது, ஆனால் எப்போதும் இருக்கும் ஆட்டமல்ல. நடத்தும் நாட்டைப் பொறுத்து வரும், போகும். பதக்கக் கனவை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் உண்மையான பாலிந்தாவாக் ஆசிரியர் ஒருவர் இருந்தால், வாரம் ஒரு மணி நேரம் தனியாகத் தர ஒத்துக்கொண்டால், மற்ற மூன்றையும் மறந்துவிட்டு அங்கே போங்கள். வயது ஒரு தடையே இல்லை. அவர் இல்லாவிட்டால் இந்த வழி உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

பிள்ளைகளோடு சேர்ந்து கற்கவேண்டும், அல்லது ஏற்கெனவே கற்பிக்கும் கராத்தே வகுப்பில் கம்பைச் சேர்க்கவேண்டும் என்றால் மாடர்ன் அர்னிஸ். வகுப்பில் சினவாலி மட்டுமே ஓடிக்கொண்டிருந்தால் ஒரு வருடத்தில் வெளியே வந்துவிடுங்கள்.

காவல்துறை, பாதுகாப்பு வேலையில் இருப்பவர்களுக்கும், கத்தியின் தர்க்கம் எப்படி என்று அறியும் ஆர்வம் உள்ளவர்களுக்கும் பெகிடி டிர்சியா. கூடவே ஆட இரண்டு மூன்று பேரைத் திரட்டிக்கொண்டு சேருங்கள்.

நான்கில் எதுவுமே பக்கத்தில் இல்லாவிட்டால்? மணிலாவில் வேரூன்றிய காலி இலஸ்திரிசிமோ, கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனில் ஏஞ்சல் கபாலேஸ் வளர்த்த செர்ராடா, அமெரிக்காவில் டான் இனோசாண்டோ பல பாணிகளைக் கலந்து உருவாக்கிய முறை என்று வேறு பெயர்களும் உண்டு. அவற்றில் ஒன்றின் நல்ல மாஸ்டர் பேருந்தில் அரை மணி நேரத்தில் கிடைத்தால், இங்கே எழுதிய ஒப்பீட்டைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு அவரிடம் போகலாம்.

சேருவதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மாஸ்டரே மாணவர்களோடு கம்பு பிடித்து ஆடுகிறாரா, அல்லது நடந்துகொண்டு எண்ணிக்கை மட்டும் சொல்கிறாரா? மூத்த மாணவர்கள் புதியவர்களின் விரலைக் காப்பாற்றி அடிக்கிறார்களா? "பார்க்கவெல்லாம் விடமாட்டோம், முதலில் மூன்று மாதக் கட்டணம் கட்டுங்கள்" என்றால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். செபுவில் மூத்த மாஸ்டர்கள் பலர் வீட்டு முற்றத்திலேயே கற்றுக்கொடுக்கிறார்கள். தெருவில் போகிறவர்கூட நின்று பார்த்துவிட்டுப் போவார்.